மச்சான் அனுப்பிய ஷாஃப்ட்

பேரன்பும் அதைவிடப் பெரிய கோபமும் உடைய என் தம்பிக்கு, உன் அக்காள் எழுதிக்கொள்வது.

நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் உன் பட்டறை லேத்தும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். கார் மட்டும் படுத்துக்கிடக்கிறது. நீ போனை எடுக்காததால் நான் பேனாவை எடுத்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான் என்பது உனக்குத் தெரியும், முற்றுப்புள்ளி எங்கே வைப்பது என்று புரியாமல் எனக்கு மூச்சு வாங்குகிற இடத்தில் வைக்கிறேன், நீயும் அங்கேயே மூச்சு வாங்கிக்கொள். பாதியில் கோபம் வந்து கிழித்துவிடாதே. முழுக்கப் படித்தால் கடைசியில் உனக்குத்தான் ஜெயம்.

முதலில் உன் கோபத்துக்கு வருகிறேன். எங்கள் மாடியில் குடியிருக்கும் கணக்கர் உன் பட்டறைக்குப் போன் போட்டு, உடம்பு நன்றாயிருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில், "தம்பி, உங்க லேத் நேரா ஓடுதா?" என்று கேட்டுவிட்டார். நாங்கள்தான் அவரைக் கேட்கச் சொன்னோம் என்று நீயாக முடிவு கட்டிக்கொண்டாய். நாங்கள் சொல்லவில்லையப்பா. அந்த மனுஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கூட்டிக் கழிக்க ஒன்றும் கிடைக்காமல் எங்கள் காரைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து உன் மாமா கூப்பிட்டாலும் எடுப்பதில்லை, நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. உன் வீட்டுக்காரி எடுத்து, "அவர் குளிக்கிறார் அண்ணி" என்கிறாள். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், மத்தியானம் கூப்பிட்டாலும் குளிக்கிறாய். இந்நேரம் உன் தோலெல்லாம் ஊறிப்போய் யாருக்கும் அடையாளமே தெரியாது. போகட்டும், தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார், நடந்ததைச் சொல்கிறேன்.

உன் மாமா பித்தளையில் பெயர்ப்பலகை வெட்டுகிறவர். டாக்டர், வக்கீல், பல் பிடுங்குகிறவர் என்று எங்கள் பக்கத்துத் தெருக்களில் பாதிக் கதவுகள் அவர் கையால் பெயர் வாங்கியவைதான். வெட்டிய எழுத்தில் கறுப்பு மெழுகை நிரப்பித் துடைப்பது என் வேலை. இப்படி உட்கார்ந்த இடத்திலேயே பிழைத்துக்கொண்டிருந்த மனுஷனுக்குக் கடைக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் ஒரு பந்தயக் கார் கட்டவேண்டும் என்று எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. கூரை கிடையாது, கதவு கிடையாது, தரையைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி இரண்டு பேர் உட்காரும் கார். அதில் ஏறுவது என்றால் தொட்டிக்குள் இறங்குவது மாதிரி இறங்கவேண்டும், இறங்குவது என்றால் யாராவது என் இரண்டு கையையும் பிடித்து இழுக்கவேண்டும். அடிபட்டு நின்ற ஒரு வேனிலிருந்து இன்ஜினையும் பின் அச்சையும் கழற்றி வந்தார். இன்ஜின் முன்னால் இருக்கிறது, ஓடவேண்டிய சக்கரம் பின்னால் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே சுழன்று சுழன்று சக்தியைக் கொண்டுபோகிற குழாய்தான் ஷாஃப்ட் என்று எனக்கே இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது, எப்படித் தெரிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். வேன் நீளம், எங்கள் கார் குட்டை. ஷாஃப்டைக் குறுக்கவேண்டும். யாரிடம் கொடுப்பது என்ற பேச்சே எழவில்லை. "மச்சான் இருக்கும்போது இன்னொருத்தன் கையா?" என்றார். நீயும் அதை வெட்டி, ஒட்டி, சரிபார்த்து, துணியில் சுற்றிப் பார்சலில் அனுப்பி, கூலி என்ற வார்த்தையையே எடுக்காதே என்றாய். பார்சலில் கூடவே இரண்டு தடித்த இரும்பு வளையங்களையும் போட்டிருந்தாய். எதற்கு என்று ஒரு வார்த்தை எழுதி வைக்கவில்லை, அது உன் சுபாவம். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, அது அவர் சுபாவம். இந்த இரண்டு சுபாவத்துக்கும் நடுவில்தான், தம்பி, என் இடுப்பு இருந்தது.

எப்படி என்றால், அந்த ஷாஃப்ட் இரண்டு இருக்கைக்கும் ஊடே ஒரு தகரக் கூட்டுக்குள் ஓடுகிறது. அவருக்கு இடது பக்கம் ஷாஃப்ட், எனக்கு வலது பக்கம் ஷாஃப்ட். கட்டியவரைவிட அதற்கு நெருங்கின சொந்தம் நான்.

பார்சலைப் பிரித்த அன்று உன் மாமாவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். குழாயை மடியில் போட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். குழாயின் மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்ன இரும்புத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மச்சான் அவசரத்தில் வெல்டிங்கைச் சுத்தம் பண்ணாமல் விட்டுவிட்டான், நாலு பேர் பார்த்தால் அவன் வேலையைக் குறை சொல்வார்கள் என்று, உன் மானத்தைக் காப்பாற்ற அரத்தை எடுத்து உட்கார்ந்து அத்தனையையும் வழித்து எடுத்துவிட்டார். பிறகு பாலிஷ் போட்டார். பாலிஷ் போட்டதும் மனசு நிறையவில்லை. கூலி வாங்காத மனுஷனுக்கு நாம் என்ன செய்யப்போகிறோம் என்று யோசித்து, கடையில் இருந்ததிலேயே கனமான பித்தளைத் தகட்டை எடுத்து, "அருமை மச்சான் அன்பளிப்பு" என்று வெட்டினார். நாலு மூலையிலும் கொடி, நடுவில் ஒரு பூ. டாக்டருக்குக்கூட அவர் பூ போட்டதில்லை. குழாயில் ஓட்டை போட்டு அந்தத் தகட்டை ரிவெட் ஆணி அடித்து இறுக்கினார், நான் விளக்குப் பிடித்தேன். மெழுகு நிரப்பியதும் நான்தான். காருக்கு அடியில் இருட்டுக்குள் சுழலப்போகிற பலகையை யார் படிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை, என் பிறந்த வீட்டுக்கு மரியாதை என்றால் நான் கேள்வி கேட்பேனா? வளையம் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உனக்குடி, பூந்தொட்டி மாட்ட. மச்சானுக்கு அக்கா மேல எவ்வளவு பாசம்" என்றார். பால்கனியில் மாட்டித் தொட்டியை உட்கார வைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

பிறகு கார் ஓடியது. ஓடியது என்பதைவிட ஆடியது என்று சொல்லலாம். மெதுவாகப் போகும்போது ஒன்றுமில்லை. கொஞ்சம் வேகம் எடுத்ததும் அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பும், வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். என் கண்ணாடி மூக்கை விட்டு இறங்கி உதட்டில் வந்து உட்கார்ந்தது. தெருமுனையில் நின்ற தபால்காரரைப் பார்த்து, சௌக்கியமா என்றேன், அது சங்கீதம் மாதிரி வந்தது. வீட்டுக்கு வந்து இறங்கின பிறகும் தண்ணீர் டம்ளரை வாய்க்கு நேராகக் கொண்டுபோக முடியவில்லை. உன் மாமா டயரை மாற்றினார், ஆடியது. இன்ஜினுக்குக் கீழே இருக்கும் ரப்பரை மாற்றினார், ஆடியது. ஸ்டியரிங்கை இறக்கி ஏற்றினார், இருக்கையைக் கழற்றி மாட்டினார், கடைசியில் நான் சிரிப்பதால்தான் ஆடுகிறது என்று சொல்லி என்னைச் சிரிக்காமல் உட்காரச் சொன்னார். நான் உம்மென்று உட்கார்ந்தேன், நானும் காரும் சேர்ந்து உம்மென்று ஆடினோம். மாற்ற முடிந்ததையெல்லாம் மாற்றிவிட்டார், ஷாஃப்டை மட்டும் தொடவில்லை. மச்சான் கொடுத்ததில் குறை காண்பதா? அதைவிடக் கை கால் முறிந்து கிடக்கலாம் என்பது அவர் எண்ணம். எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் உண்டு, ஆனால் என் தம்பி கையைப் பற்றி என் வாயால் எப்படிச் சொல்வேன்? இப்படி அவர் எனக்கு மரியாதை, நான் உனக்கு மரியாதை, ஆடுகிற கார் ஆடிக்கொண்டே இருந்தது. இந்தச் சமயத்தில்தான் மாடிக் கணக்கர் ஒரு நாள் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாற்றாதது எதுவோ அதில்தானே கோளாறு இருக்கவேண்டும் என்றார். நான் பார்த்த பார்வையில் மேலே போய்விட்டார். போனவர் சும்மா இருக்காமல் உனக்குப் போன் போட்டார்.

இனிமேல்தான் விஷயம். வீட்டிலேயே கார் கட்டுகிறவர்கள் எல்லாரும் அடுத்த மாதம் ஒரு மைதானத்தில் கூடுகிறார்கள். நம்மைப் போல் கிறுக்குப் பிடித்த குடும்பங்கள் இத்தனை இருக்கின்றனவா என்று எனக்கே ஆச்சரியம். அங்கே அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து மைதானத்தைச் சுற்றி வரவேண்டும், அதற்காகவே என் இருக்கைக்கு ஊதாத் துணி போட்டிருக்கிறார். அதற்கு முன்னால் வேகமாக ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று, கிடங்குகளுக்குப் பின்னால் விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும் தெருவுக்குக் கிளம்பினோம். நான் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து உன் மாமா, யாருக்கும் கேட்கக்கூடாது என்கிற மாதிரி, "ஒருவேளை ஷாஃப்டா இருக்குமோ?" என்றார்.

வைத்த காலை எடுத்துவிட்டேன். எங்க வீட்டு ஷாஃப்டைக் குறை சொல்கிற காரில் நான் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் கெஞ்சிப் பார்த்தார். நம் வீட்டு வீம்பு உனக்குத் தெரியாததா, மாதக்கணக்கில் குளிக்கிறவன் நீ. வேறு வழியில்லாமல், பக்கத்தில் ஆள் கனம் இருந்தால்தான் சரியாகப் பார்க்கமுடியும் என்று ஒரு சாக்கை எடுத்து மணல் அள்ளிப் போட்டார். போட்டுத் தூக்கிப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், இன்னும் கொஞ்சம் போடுவார். மறுபடி தூக்குவார், என்னைப் பார்ப்பார், இன்னும் கொஞ்சம். "போதும், அவ்வளவு இல்ல நான்" என்றேன். அவர் காதில் விழவில்லை. மூட்டையை என் ஊதா இருக்கையில் உட்கார்த்தி, பெல்ட்டும் போட்டுவிட்டுப் போனார். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பின்னாலேயே நடந்துபோய்க் கிடங்குச் சுவரோரம் நின்று பார்த்தேன், கோபமாகத்தான் பார்த்தேன்.

தெருக்கோடியிலிருந்து கார் வந்தது. நன்றாகத்தான் வந்தது தம்பி, பார்க்க அழகாகக்கூட இருந்தது. பாதித் தெரு தாண்டியதும் அடியில் டண் என்று ஒரு சத்தம், உடனே யாரோ பெரிய சம்மட்டியால் தகரத்தைப் போட்டு அடிக்கிற மாதிரி அடுக்கடுக்காகச் சத்தம். ஆடி ஆடிப் பின் முனையில் இருந்த போல்ட்டெல்லாம் கழன்று, ஷாஃப்ட் ஒரு பக்கம் விடுபட்டு, இன்ஜின் விடாமல் சுழற்ற, அது தகரக் கூட்டைப் பிய்த்துக்கொண்டு அடித்திருக்கிறது. வண்டி தானாக ஓடி நின்றது. நான் ஓடினேன், நான் கடைசியாக எப்போது ஓடினேன் என்று எனக்கே நினைவில்லை. அவருக்கு ஒரு கீறல் இல்லை. தகரம் அவர் பக்கம் கிழியாமல் என் பக்கம் கிழிந்திருந்தது. ஊதாத் துணியில் ஒரு கை நுழைகிற பிளவு. மூட்டையின் இடுப்பு என்று சொல்லலாமா, அந்த இடத்தில் சாக்கு கிழிந்து மணல் கொட்டிக்கொண்டிருந்தது. உன் மாமா இறங்கவில்லை. குனிந்து, இருக்கையில் கொட்டின மணலை இரண்டு கையாலும் வாரி வாரிச் சாக்குக்குள்ளே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். போடப் போட அது கிழிசல் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"மணலுதானே, விடுங்க" என்றேன்.

"நீ சுவரோரம் நின்னதைப் பார்த்துக்கிட்டேதான் வந்தேன். நீ உள்ள இல்லேன்னு எனக்குத் தெரியும். ஆனா கைக்குத் தெரியலை பாரு" என்றார்.

எழுத்து வெட்டுகிற கை அது, மணலை வாருவதை நிறுத்தவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மணல் அள்ளினேன்.

மறுநாளே ஷாஃப்டைத் தோளில் போட்டுக்கொண்டு, லாரி ஷாஃப்டெல்லாம் மெஷினில் சுழற்றி, சுற்றிலும் கனம் சமமாக இருக்கிறதா என்று பாலன்ஸ் பார்த்துத் தருகிற கடைக்குப் போனோம். கடைக்கார அம்மா என் வயசுதான், கையெல்லாம் கிரீஸ். குழாயைத் திருப்பினாள், தகட்டைப் பார்த்தாள், சத்தமாகப் படித்தாள். "இது ஷாஃப்டா, வீட்டுக் கதவா?" என்று கேட்டாள். உன் மாமா மரியாதைக்குப் போட்டது என்றார். ஒரு பக்கமாக இத்தனை கனம் வைத்தால் என்ன ஆகும் என்று அவளே சொன்னாள்: "ஃபேனோட ஒரு றெக்கையில மட்டும் ஈரத்துணியக் காயப்போட்டுச் சுத்தவிட்டுப் பாருங்க, தெரியும்." பிறகு குழாயின் முனையைத் தடவிக்கொண்டே, இங்கெல்லாம் சின்னத் துண்டுகள் ஒட்டியிருந்திருக்கவேண்டுமே, எங்கே என்றாள். அசிங்கமாக இருந்தது, அரத்தால் வழித்துவிட்டேன் என்றார் உன் மாமா. அந்தம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயா, அதாங்க பாலன்ஸே" என்றாள். அப்புறம் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள், கிரீஸ் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கன்னமும் கறுப்பாகிற வரைக்கும் சிரித்தாள்.

இப்போது நீ எழுந்து நின்று படிக்கவேண்டிய இடம். சிரித்து முடித்துவிட்டு அந்தம்மா இரண்டு முனையையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, வெட்டி ஒட்டினவன் யாரோ, கை தங்கம் என்றாள். இரண்டு பக்கத்து ஜாயிண்டும் ஒரே கோட்டில், மயிரிழை விலகாமல் நிற்கிறதாம், ஒட்டின இடம் எது என்று தேடவேண்டியிருக்கிறதாம். துண்டெல்லாம் ஒட்டிச் சரிபார்த்து அனுப்பியவன் உத்தமன், அதை வழித்தவரைத்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றாள். உன் மாமா தலையைக் குனிந்துகொண்டார், நான் உன் அக்காள் என்பதைச் சொல்லித் தலையை நிமிர்த்திக்கொண்டேன். ஆனால் ஓட்டை போட்ட குழாயை இனிமேல் மாட்டவே கூடாது, ரிவெட் ஓட்டையிலிருந்து எப்போது கிழியும் என்று சொல்லமுடியாது, கொண்டுபோய்த் துணி காயப்போடுங்கள் என்றாள். கடைசியாக, ஷாஃப்டைச் சுற்றிக் காவல் வளையம் போட்டிருப்பீர்களே, அதையும் மீறியா உள்ளே வந்து அடித்தது என்று கேட்டாள். என்ன வளையம் என்றோம். ஷாஃப்ட் கழன்றாலும் கீழே விழாமலும் ஆள் மேல் பாயாமலும் பிடித்து நிறுத்துகிற தடித்த இரும்பு வளையம், இந்த மாதிரிக் குட்டைக் காருக்கு அது உயிர், அது இல்லாவிட்டால் அடுத்த மாதம் மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்கள் என்று கையால் அளவு காட்டினாள். உன் மாமா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் கண் முன்னால் பூந்தொட்டிதான் தெரிந்தது.

ஆகவே தம்பி, உன் பேரில் ஒரு குற்றமும் இல்லை. பார்சலுக்குள் ஒரு துண்டுக் காகிதத்தில் "வளையம் காருக்கு, அக்காவுக்கு அல்ல" என்று எழுதியிருந்தால் உன் கை தேய்ந்திருக்காது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். வளையங்களைக் கழற்றிக் கழுவிக் கொட்டகையில் வைத்துவிட்டோம், தொட்டிகள் தரையில் உட்கார்ந்து என்னை முறைக்கின்றன. அந்தக் கடைக்கார அம்மா தானே புது ஷாஃப்ட் செய்து தருவதாகச் சொன்னாள். உன் மாமா வேண்டாம் என்றுவிட்டார், செய்தால் மச்சான் கையால்தான், மச்சான் மாட்டேன் என்றால் காரைப் பூந்தொட்டியாக்கிவிடலாம் என்றார். உன்னிடம் தானே பேசவேண்டும் என்று தினமும் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறார். நீ குளிக்கிறாய். பெயர்த்தெடுத்த தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார், குனிந்தால் நெஞ்சில் குத்துகிறது, எடுத்து வைக்கச் சொன்னால் குத்தட்டும் என்கிறார். கணக்கரும் மேலேயும் கீழேயும் இரண்டு நாள் நடந்து, உன் லேத் நேராகத்தான் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டார், உன்னிடம் சொல்லச் சொன்னார், அவரே போன் போடுகிறேன் என்றதை நான் தடுத்துவிட்டேன்.

நீ இன்னொரு ஷாஃப்ட் செய். செய்து அனுப்பாதே, கையோடு கொண்டுவா. நீயே மாட்டு, வளையத்தையும் நீயே போடு, போல்ட்டை நீயே முறுக்கு. மாட்டிய பிறகு முதலில் நீ உன் மாமா பக்கத்தில் அந்த ஊதா இருக்கையில் உட்கார்ந்து கிடங்குத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வா. நீ சிரித்துக்கொண்டே இறங்கினால் நான் ஏறுகிறேன். மணல் மூட்டைக்கு இனிமேல் வேலை இல்லை. இந்தத் தடவை ஷாஃப்டின் மேல் அரமும் படாது, பித்தளையும் படாது, அழுக்காக இருந்தாலும் அழுக்காகவே சுழலட்டும் என்று உன் மாமா என் தலை மேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு, பொய் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருக்கும். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு முத்தம், சண்டை வராமல் சமமாகக் கொடு. உன் லேத் என்றைக்கும் நேராக ஓடட்டும், உன் கைக்கு என்றைக்கும் குறை வராதிருக்கட்டும், உன் கோபம் மட்டும் கொஞ்சம் குறுகட்டும், குறுக்குவதில் நீதான் கெட்டிக்காரனாயிற்றே.

இப்படிக்கு,
இன்னும் முழு இடுப்போடு இருக்கும்
உன் அக்காள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் உன் மாமா கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தார். எல்லாம் சரி, ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை என்றார். என்றவர் நேரே கடைக்குப் போய் இப்போது பித்தளை வெட்டிக்கொண்டிருக்கிறார். என்னவென்று கேட்டேன். ஒரு பக்கம் மட்டும் தகடு வைத்ததுதானே தப்பு, ஒரே கனத்தில் இரண்டு செய்து எதிரெதிரே வைத்தால் பாலன்ஸ் தானாகச் சரியாகிவிடும், ஓட்டை போடாமல் பசையால் ஒட்டிவிடலாம் என்கிறார். ஒன்றில் "அருமை மச்சான் அன்பளிப்பு", இன்னொன்றில் "அக்காள் ஆசி". வேண்டவே வேண்டாம் என்று சத்தம் போடத்தான் போனேன். போய்ப் பார்த்தால் உன் தகட்டில் அத்தனை எழுத்து, பூ, நாலு மூலையிலும் கொடி, என் தகட்டில் ஆறே எழுத்து, பூ கிடையாது. இரண்டும் ஒரே கனம் இருக்கவேண்டாமா? எனக்கும் பூ போடச் சொல்லி, இப்போது பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ சீக்கிரம் புறப்பட்டு வா.